பிரித்துப் போட்ட வண்டியும் முடிக்காத கணக்கும்



ஜி.எஸ்.டி., எடை முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், செல்போனை அழுத்தினால் வீடு தேடி வரும் சரக்கு என்று நமக்கு ஆயிரம் கவலை இருக்கும்போது பழைய காரைப் பற்றி எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுத வேண்டும் என்பதே நமது கருத்து. நம் உறுப்பினர்களில் பலர் வீட்டில் இது வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு மனக்குறையாகவே இருந்து வருகிறது.

மண்டிக்குப் பின்னால், குடோன் ஓரத்தில், பழைய மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒன்று நிற்கும். அப்பா வெளியூர் வசூலுக்குப் போய் வந்த அம்பாசடராக இருக்கும். பெரியப்பா ஆசைப்பட்டு வாங்கிய பியட்டாக இருக்கும். மாமனார் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டாகவும் இருக்கலாம். "சரிசெய்து ஒருநாள் ஓட்டிவிட வேண்டும்" என்று ஆசையோடு பிரித்தது. ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு, பத்து ஆண்டு ஓடிவிட்டது. எஞ்சின் ஒரு பட்டறையில், பம்பர் முலாம் பூசும் இடத்தில், சீட் தையல் கடையில், கதவுக் கண்ணாடி மாடிப்படிக்கு அடியில். யாராவது விசாரித்தால் "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்கிறோம். நடக்கவில்லை என்பது கேட்டவருக்கும் தெரியும்.

நாம் பார்த்த வரையில் பணம் இல்லாமல் நின்ற வண்டிகள் குறைவு. ஊக்கம் விட்டுப்போய் நின்றவையே அதிகம். ஊக்கம் திரும்பட்டும், பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருப்பதால்தான் அது திரும்புவதே இல்லை. ஒரு சின்ன வேலை முழுதாக முடிந்து கண்ணுக்குத் தெரிந்தால் ஊக்கம் தானாக வரும். கடை நடத்திப் பழகிய நமக்கு இது புதிய பாடம் இல்லை. கல்லாவில் நடப்பதை வண்டியிடம் மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஏன் நடுவில் நிற்கிறது?

பிரிப்பது எளிது. இரண்டு ஆள், ஒரு ஸ்பேனர் செட் இருந்தால் இரண்டே நாளில் முழு வண்டியையும் எலும்புக்கூடாக்கி விடலாம். அந்த இரண்டு நாளும் திருவிழா மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்தார் வந்து பார்ப்பார்கள், காபி வரும், பழைய கதைகள் வரும். பிறகு வருவது கூட்டும் வேலை. அதில் திருவிழா இல்லை. ஒரு வீல் சிலிண்டரின் ரப்பருக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஒரு துருப்பிடித்த போல்ட்டுக்கு ஒரு மாலை முழுதும் போகும். ஆரம்ப சூரத்தனம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இரண்டாவது காரணம், நம் தொழிலின் நேரம். காலை ஆறு மணிக்குக் கதவு திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் அடைக்கிறோம். "ஒரு வாரம் முழுசாக ஓய்வு கிடைக்கட்டும், உட்கார்ந்து முடித்துவிடுவோம்" என்கிறோம். மளிகைக்காரனுக்கு முழு வாரம் ஓய்வு எந்த ஆண்டு கிடைத்தது? அந்த வாரத்துக்காகக் காத்திருந்தால் நம் பேரன் காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நிறுத்தி வைத்தால் அப்படியே இருக்குமா?

"எங்கே ஓடிவிடப் போகிறது, இருக்கட்டும்" என்று சொல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி அரிசி மூட்டை மாதிரி. கவனிக்காமல் கிடந்தால் உள்ளே பூச்சி ஏறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சிலிண்டரைத் துருவாக்கும். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும். சுழலாத எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். தகர வேலை முடித்து பிரைமர் மட்டும் அடித்து நிறுத்திய வண்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம். பிரைமர் ஈரத்தைத் தடுக்காது. இரண்டு மழைக்காலம் போனால் தகரத்துக்குக் கொடுத்த கூலி தண்ணீரில் போட்டதுதான்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஆட்கள். எஸ்.யு. கார்புரேட்டரைக் காதால் கேட்டு டியூன் செய்யும் மிஸ்திரிக்கும், மரச்சுத்தியலால் தட்டி மட்கார்டின் வளைவைத் திரும்பக் கொண்டுவரும் டிங்கருக்கும் இப்போது நம் வயது, அல்லது நம்மைவிட மூத்த வயது. அவர்கள் பிள்ளைகள் கம்ப்யூட்டர் செருகிப் பழுது பார்க்கும் புது வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் அந்தக் கைகள் குறைகின்றன. பணம் பிறகும் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்தக் கைகள் போனால் திரும்பி வருவதில்லை.

கடை வழக்கத்தை வண்டிக்கும் வையுங்கள்

முதலாவது, இருப்புக் கணக்கு. நூற்றுக்கணக்கான சரக்கை அலமாரியில் எது எங்கே என்று இருட்டிலும் எடுப்பவர்கள் நாம். ஆனால் வண்டியின் நட்டு, போல்ட்டை ஒரே வாளியில் கொட்டி வைக்கிறோம். காலி பிஸ்கட் டின்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. முன் சக்கரத்துக்கு ஒரு டின், கதவுக்கு ஒரு டின், டாஷ்போர்டுக்கு ஒரு டின் என்று மூட்டைக்குச் சீட்டுப் போடுவது போலச் சீட்டு ஒட்டுங்கள். கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். எந்தப் பாகம் எந்தப் பட்டறையில், எந்தத் தேதியில் கொடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாங்கள் முலாம் பூசக் கொடுத்த பின்பம்பர் ஒன்று அந்த இடத்தில் "காணவில்லை" என்று சொல்லப்பட்டது. நோட்டில் தேதியும் அவர்கள் கையெழுத்தும் இருந்ததால் மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது.

இரண்டாவது, வரிசை. பெரும்பாலோர் பெயிண்டில் மனத்தை வைத்து உடம்பிலிருந்து தொடங்குகிறார்கள். பளபளவென்று ஆன வண்டி ஓடாமல் நின்றால் பார்க்கும்போதெல்லாம் மனம் சோரும். முதலில் அது சக்கரத்தில் உருள வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், எஞ்சின் உறுமவேண்டும். பல ஆண்டு நின்ற எஞ்சினை எடுத்தவுடன் செல்ஃப் போட்டு முறுக்கக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, கைப்பிடி போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். எஞ்சின் சத்தம் ஒருமுறை வீட்டில் கேட்டுவிட்டால் பிறகு நம்மை யாரும் தள்ள வேண்டியதில்லை. அதன் பின் சட்டமும் தகரமும், அதன் பின் வயரிங், பிறகு பெயிண்ட், கடைசியில் சீட்டும் அலங்காரமும்.

மூன்றாவது, கொள்முதல். மிஸ்திரி இழுத்தடிக்கிறார் என்று குறை சொல்கிறோம். அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். காலையில் வந்து மாலையில் பணம் கொடுக்கும் டாக்சிக்காரர் அவருக்கு அன்றாடச் சோறு. நம் வண்டியைத் திறந்து பார்த்தால் கேஸ்கட் இல்லை, புஷ் இல்லை. மூடி வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறார். சாமான் கையில் இல்லாமல் மிஸ்திரியைக் கூப்பிடாதீர்கள். எங்கே எது கிடைக்கும், யாரிடம் விலை நியாயம் என்று தேடிப் பிடிப்பது நம் பிறவித் தொழில். அதை மட்டும் அவர் தலையில் கட்டுவது சரியல்ல.

இங்கே வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி வந்த அம்பாசடர், கல்கத்தா அருகே உத்தர்பாராவில் 2014 மே மாதம் வரை உற்பத்தியானது. ஆகவே எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் சாமான்களுக்கு இன்றும் கவலை இல்லை. மார்க் 1, மார்க் 2 வண்டிகளின் கிரில், விளக்கு வளையம், டாஷ்போர்டு போன்றவைதான் அலைய வைக்கும். அவற்றை முதலில் தேடுங்கள். பம்பாய் குர்லாவில் தயாரான பியட் 1100 டிலைட், 1974-இல் பிரீமியர் பத்மினி ஆயிற்று. பம்பாய் டாக்சி என்றாலே அதுதான் என்றிருந்த காலம் 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. டாக்சிகள் ஓடும் வரை சாமான் கடைகளுக்கும் வியாபாரம் இருந்தது. இனி அந்தச் சரக்கு வற்றிக்கொண்டே போகும். பியட் வைத்திருப்போர் வாங்க வேண்டியதை இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

நம் சென்னையிலேயே பிறந்த வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. 1980-களின் இறுதியில் ஸ்டாண்டர்டு 2000 என்ற வண்டியோடு கார் உற்பத்தியே நின்றது. ஆலை இல்லையே என்று மனம் தளர வேண்டாம். ஹெரால்டின் தாய்வீடு இங்கிலாந்தின் டிரையம்ப். அங்கே லட்சக்கணக்கில் விற்ற வண்டி என்பதால் புஷ், சீல், கேஸ்கட், கிளட்ச் சாமான்களைப் புதிதாகச் செய்து விற்போர் இன்றும் இருக்கிறார்கள். சிரமம் நான்கு கதவு ஹெரால்டுக்குத்தான். அது நம் நாட்டில் மட்டும் செய்தது. அதன் பின்கதவும் கண்ணாடியும் வெளிநாட்டில் தேடினாலும் கிடைக்காது. கையில் உள்ளதைக் கண்ணாகக் காக்க வேண்டும். ஹெரால்டில் ஒரு வசதியும் உண்டு. அதற்குச் சட்டம் தனி, உடம்பு தனி. மட்கார்டோடு சேர்ந்த முழு பானட்டும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம். தனியாக வேலை செய்வோருக்கு ஏற்ற வண்டி.

நான்காவது, கூலி. மொத்தப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பின்னால் அலைவது வணிகனுக்கு அழகல்ல. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டு முடிந்த அன்றே பணம் கொடுங்கள். பிரேக் முடிந்ததா, அன்று மாலையே கூலி. பேரம் பேசிக் குறைக்காதீர்கள். அந்தக் கைத்திறனுக்கு நாம் கொடுப்பது குறைவுதான். சொன்னபடி பணம் தரும் வீட்டுக்கு மிஸ்திரி தானாக நேரம் ஒதுக்குவார்.

ஐந்தாவது, நாள். தேதி இல்லாத வேலை முடியாது. தீபாவளிச் சரக்குக்கு ஆடியிலேயே கணக்குப் போடுகிறோம். வண்டிக்கு ஆயுத பூஜையை நாளாக வையுங்கள். இந்த ஆயுத பூஜைக்கு எஞ்சின் ஓட வேண்டும், அடுத்த ஆயுத பூஜைக்கு வண்டி தெருவில் போக வேண்டும். இடையில் கடை அடைக்கும் நாளில் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் ஆசைப்படவும் வேண்டாம், அதைக் குறைக்கவும் வேண்டாம். கையைக் கழுவும் முன் ஏதாவது ஒன்று முழுதாக முடிந்திருக்க வேண்டும். ஒரு விளக்கு எரிந்தாலும் போதும். அன்றைய ரோக்கடத்தை அன்றே முடிப்பது போல நோட்டில் அதை எழுதி அடிக்கோடு போடுங்கள்.

எங்கள் குடும்பத்து அம்பாசடர் மார்க் 2 வண்டி 2018-இல் பிரிக்கப்பட்டது. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தது. டிங்கர் சொந்த ஊர் போய்விட்டார். இரண்டு ஆண்டு எல்லாம் தூசியோடு கிடந்தது. 2022-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு எதற்கும் சாமான் இல்லாததால் ஹாரனை மட்டும் சரிசெய்தோம். பேரன் அதைப் பகல் முழுதும் அடித்துத் தெருவையே எழுப்பினான். "அடுத்த வாரம் என்ன தாத்தா?" என்று அவன் கேட்டதற்காக அடுத்த ஞாயிறு வைப்பரை எடுத்தோம். அதற்கடுத்த ஞாயிறு பின்விளக்கு. இப்படியே போய் 2024 ஆயுத பூஜைக்கு வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி வாசலைத் தாண்டியது. ஆறு ஆண்டில் பெரிய வேலை என்று ஒரே மூச்சில் எதையும் முடித்ததாக நினைவில்லை. எல்லாம் இரண்டு மணி நேர வேலைகள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதையும் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குவது நலம். மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, தனியார் உபயோகத்தில் இருந்த வண்டிகளுக்கு இது பொருந்தும். எண்பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பந்தய ஊர்வலம், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடம் கடைக்கு ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது.

முக்கியமான நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சட்டம், உடம்பு, எஞ்சின் பெரிதாக மாற்றப்பட்டிருக்கக் கூடாது. "பெட்ரோல் செலவு அதிகம், வேறு டீசல் எஞ்சினை வைத்துவிடலாம்" என்று பாதி வேலையில் சொல்லும் ஆலோசனைக்காரர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கேட்டால் வேலை சீக்கிரம் முடியலாம். ஆனால் அப்பாவின் வண்டி அங்கேயே முடிந்துபோகும்.

அன்றாடம் ஓட்டும் எண்ணமிருந்தால் வழக்கமான பதிவையே புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த கார்களுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பும் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை இளக்கும். எண்ணெய்க் குழாய்களையும் பம்பின் ரப்பரையும் புதிய தரத்தில் மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். இது தீப்பிடிக்கும் விஷயம்.

வீண் செலவு என்பார்களுக்கு

"இந்தப் பணத்துக்கு ஒரு சின்ன சரக்கு வண்டிக்கு முன்பணம் கட்டலாமே" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும். இது முதலீடு என்று வீட்டில் கதை சொல்லாதீர்கள். போட்ட பணம் பெரும்பாலும் திரும்பாது. இந்தப் பழுதுபார்ப்புக்கு நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவும் கிடையாது. எனவே கடைக் கல்லாவில் கை வைக்காமல், வீட்டுச் செலவில் ஆண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டுங்கள். சரக்குக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி நிலுவையில் இருக்கும்போது வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பது வியாபார ஒழுக்கம் ஆகாது.

ஆனால் எல்லாவற்றையும் லாபத்தில் மட்டும் நிறுக்க முடியாது. தினமும் கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கு நாம் செய்யும் வேலை மாலையில் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. மறுநாள் மறுபடி முதலிலிருந்து. நாற்பது ஆண்டு உழைத்தாலும் "இதை நான் செய்து முடித்தேன்" என்று தொட்டுக் காட்ட நம்மிடம் ஒன்றும் இருப்பதில்லை. கைக்கு அப்படி ஒன்று கிடைப்பது வயதான காலத்தில் பெரிய பலம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மோடு குனிந்து ஒரு நட்டை முறுக்கும் அந்த நேரமும் கடையில் கிடைக்காது.

முடியாதவர்கள் என்ன செய்வது?

உடல்நிலை, இடவசதி, குடும்பச் சூழ்நிலை இடம் கொடுக்காதவர்களும் உண்டு. அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு இருந்தால், நமக்குப் பிறகு அந்த வண்டி எடைக்குத்தான் போகும். பேரீச்சம்பழத்துக்குப் போட்ட கதையாகும். இப்போதே, ஆர்.சி. புத்தகத்தோடும் சீட்டு ஒட்டிய டின்களோடும், முடிக்கக்கூடிய ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-இல் திறந்த ஜீ.டி. கார் அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பழைய வண்டியை மதித்து எடுத்து நிறுத்துவோர் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். விற்பதும் கணக்கை முடிக்கும் ஒரு வழிதான். முடிவே எடுக்காமல் வைத்திருப்பதுதான் நஷ்டம்.

மற்றவர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான். வரும் விடுமுறை நாளில் தார்ப்பாயை எடுங்கள். முழு வண்டியையும் பார்த்து மலைக்க வேண்டாம். என்னென்ன இருக்கிறது, எது எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கத்துக்குப் பட்டியல் எழுதுங்கள். பட்டியலில் மிகச் சிறிய வேலை எதுவோ அதை அன்றே முடித்து, நோட்டில் வரவு வையுங்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும். சேர்த்து வைத்த பாக்கியை வசூலிக்கத் தெரிந்த நமக்கு, நம் வீட்டு வாசலில் நிற்கும் இந்தப் பாக்கியையும் வசூலிக்கத் தெரியும்.